இருமிய இடம்

கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு மேலே
பேக்கரிக்கும் உரக்கடைக்கும் இடையில்
எட்டடிக்குப் பத்தடி, என் இ-சேவை மையம்.
மழை விட்ட நான்காம் நாள்
மாதியம்மாள் வந்தாள்,
டீ ஃபேக்டரி சால்வையில்,
முழங்கால்வரை செம்மண்.

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
மூச்சு வாங்க நின்றாள்: என்டர்.
இருமினாள்: என்டர்.
வெளியே ஜீப் ஹார்ன் அடித்தது,
அதற்கு என்டர் இல்லை.

        வீட்டுச் சுவர் சாய்ந்தது
        கூரை உள்ளது
        இறந்தது பசு
        இரண்டு கன்று பிழைத்தது
        கேரட் நிலம் ஏழு அடுக்கும் சரிந்தது
        நகை இல்லை
        கடன் உண்டு

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
திரையில் விரல் வைத்துப் படித்தாள்.
சரி, அனுப்பு.

அந்தக் கட்டம் ஐந்நூறு எழுத்து கொள்ளும்.
கொம்பைத் தனியாக எண்ணும், புள்ளியைத் தனியாக எண்ணும்,
என்டருக்கு மட்டும் இரண்டு கழிக்கும்.
ஒவ்வொரு முறிவையும்
இரட்டை விலை கொடுத்துத்தான் வாங்கினேன்.

சமர்ப்பி.
பிரிண்டர் இழுத்து இழுத்துத் துப்பியது ஒப்புகைச் சீட்டை:

வீட்டுச் சுவர் சாய்ந்தது கூரை உள்ளது இறந்தது பசு இரண்டு கன்று பிழைத்தது கேரட் நிலம் ஏழு அடுக்கும் சரிந்தது நகை இல்லை கடன் உண்டு

நான் படிக்கவில்லை. மடித்துக் கொடுத்தேன்.
அறுபது ரூபாய்.
அவளுக்குப் பின்னால் பதினொரு பேர்,
எல்லோர் குடையிலிருந்தும்
என் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து
வருவாய் ஆய்வாளர் ஞானசிகாமணி
அவளையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார்.
"இறந்தது பசு இரண்டுன்னு மனு.
கன்று பிழைச்சதுன்னு மனு.
போய்ப் பார்த்தா கட்டுத்தறியில ரெண்டு கன்று நிக்குது,
செத்தது ஒரே மாடுன்னு ஊரே சொல்லுது.
இல்லாத மாட்டுக்கு நிவாரணமா?"
நிலத்தையும் பார்த்தாராம்.
மண் அங்கேயேதான் கிடக்கிறதாம்,
கரைகள்தான் இல்லை.
ஏழு என்று எண்ணுவதற்கு
அங்கே எதுவும் இல்லையாம்.

மாதியம்மாள் சீட்டை வாங்கி
ஒரு முறை படித்தாள்.
இன்னொரு முறை, மெதுவாக.
"என் சொல்லு எல்லாம் இருக்கு.
ஒண்ணும் கூடல, குறையல.
ஆனா நான் சொன்னது இது இல்ல."

திருத்து என்ற பொத்தானை அழுத்தினேன்.
கட்டத்துக்குள்
ஏழு வரிகளும்
நின்றுகொண்டிருந்தன,
விட்ட இடத்தில் விட்டபடி.
"உள்ள இருக்கு சார். அச்சுலதான் வர்றதில்ல."

அவர் திரையைப் பார்த்தார்.
பிறகு கக்கத்திலிருந்த கட்டைப் பிரித்து
மேலாக ஒன்றை, நடுவில் ஒன்றை, அடியில் ஒன்றை
உருவிப் பார்த்தார்.
நாற்பது மனு. நாற்பதும்
நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.
"இதுல பாதிக்கு நேத்தே எழுதி அனுப்பிட்டேனே,"
என்றார், யாரிடமும் இல்லாமல்.

வரிக்கு வரி சாய்கோடு போட்டேன்:
சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை, சிவப்பில்.
நான்கு இடைவெளி விட்டேன்:
நான்கையும் நசுக்கி ஒன்றாக்கியது.
முற்றுப்புள்ளி மட்டும்
ஏனென்று கேட்கப்படாமல் உள்ளே போனது.
சொல்லையும் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.
இறந்தது பசு ஒன்று.
பிழைத்தது கன்று இரண்டு.

மாதியம்மாள் என் தோளுக்குப் பின்னால் குனிந்தாள்.
"இது என்ன புள்ளி?"
"நீங்க இருமின இடம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பேக்கரியில் தட்டை இழுக்கும் சத்தம்.
"அன்னைக்கு இன்னொரு தடவையும் இருமினேன்,
கடனுக்கு முன்னால.
அங்கயும் ஒண்ணு வை."