ஆறுதல் பரிசு

வந்த அன்று
குளுகோர் வீட்டு மாடிப்படியில்
ஒரு கால் வைத்து
அடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கால் மணி நேரம் நின்றது.
படி பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவு பார்த்ததில்லை.
உட்காரச் சொன்னால்
முதுகில் மூட்டை ஏற்றியதுபோல் பாதி குனிந்து
நிமிர்ந்துவிடும்.
ஓடத் தெரியும். அதுவும் வட்டமாக.

மூடிப்போன பந்தயத் திடலொன்றிலிருந்து
கூண்டோடு விமானம் ஏறி வந்தது.
வென்றதாக எந்தத் தாளிலும் இல்லை.
தேவஷினி மீஹூன் என்று பேர் வைத்தாள்,
அவ்வளவு மெலிவு.
"சோறு போடமாட்டீங்களா?"
வீதியில் போகிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.
மூன்று விலா எலும்பு தெரியவேண்டுமாம் இதற்கு,
டாக்டர் சொன்னார்.
யாரிடம் போய் விளக்க.

எதிர்வீட்டு வேலாயுதம் மட்டும்
விலாவைப் பார்க்கவில்லை. காதைத் திருப்பினார்.
உள்ளே பச்சை மசியில் நம்பர்:
ஏழு, ஒன்று, நான்கு,
கடைசி எண் அழிந்து மூன்றா எட்டா தெரியவில்லை.
இரண்டையும் எடுத்தார். வாராவாரம்.

பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து
ஏழரைக்கு நான் வந்து விழும்போது
இந்த வரிசையில் பகலில் தூங்குவது
நாங்கள் இருவர்தான்.
கவிழ்த்துப் போட்ட நாற்காலியாய்
நாலு காலும் மேலே.
கொஞ்ச நேரத்தில் கால்கள் ஓடத் தொடங்கும்.
நான் தட்டி எழுப்புவதில்லை.
உறக்கத்தில் என் விரல்களும்
சில்லு பொருத்துகின்றனவாம்,
அவர் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் மழைக்கு முந்திய காற்றில்
பசார் மாலாம் பிளாஸ்டிக் பை ஒன்று பறந்தது.
கயிறு என் உள்ளங்கையைச் சிவக்க உருவிக்கொண்டு போனது.
பார்த்தேன் என்று சொல்லமுடியாது;
இங்கே இருந்தது, பிறகு அங்கே இருந்தது.
ரொஹானி அக்காள் வேலிக் கம்பியில் பை சிக்க,
வாயில் கவ்வி
அப்படியே நின்றது.
பிடித்துவிட்டால் அப்புறம் என்ன செய்வதென்று
அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.
அக்காள் கேட்டுக்கு உள்ளிருந்தே
துடைப்பத்தால் கயிற்றை என் பக்கம் தள்ளினாள்,
சிரித்துக்கொண்டே.

ஞாயிறு இரவு வேலாயுதம் வந்தார்,
கையில் உப்பில்லாமல் அவித்த கோழி.
"எட்டு தாயி. எட்டுதான்.
ஆறுதல் பரிசு, அறுபது வெள்ளி."

மீஹூன் கோழியை முகர்ந்துவிட்டு
அவர் தொடையில் போய்ச் சாய்ந்தது,
மொத்த எடையோடு, கண்ணை மூடி.
மனுசன் மூச்சை அடக்கி நிற்கிறார்.
மழை தொடங்கிவிட்டது, உள்ளே வாங்க என்றேன்.
நகர்ந்தால் விழுந்துடுமே என்கிறார்.