நாற்பத்தொரு சென்டிமீட்டர்

இரண்டு பத்துக்குப் புருலுக்கு ஊசி போட்டேன்.
புரோமெடால், தொடையில்.
நேரத்தை என் உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன்.
நரினில் பனிக்காலத்து மின்சாரத்தை நம்ப முடியாது.

கேட்டது அவள்தான்.
பண்ணையில் கால்நடை வைத்தியம் பார்ப்பவள்.
"வலிக்கிற குதிரைக்கே போடுகிறேன்,
எனக்குப் போடமாட்டாயா?"
இதைச் சொல்ல மட்டும்
வாயிலிருந்த கம்பளிச் சால்வையை எடுத்தாள்.
மறுபடி கடித்துக்கொண்டாள்.

அதுவரை தாளில் வந்ததெல்லாம் கிறுக்கல்.
நூற்று முப்பது, நூற்று நாற்பத்தைந்து,
நூற்று முப்பத்தெட்டு,
ஓரிடத்தில் நிற்காத பிள்ளை.
நல்ல இதயம் அப்படித்தான்,
எண்ணி அடிக்கத் தெரியாது அதற்கு.
பிசகாமல் அடிப்பதற்குத்தான்
நாங்கள் பயப்படுவோம்.

இரண்டரைக்குச் சால்வை தானாக விழுந்தது.
மெல்லிய குறட்டை.
அவள் நெற்றிச் சுருக்கத்தை நீவிய கை
தாளில் இருந்த கோட்டையும் நீவிவிட்டது.

தொப்புள்கொடிக்கு வாசற்காவல் கிடையாது.
மருந்து உள்ளே போயிருக்கலாம்.
பிள்ளை சும்மா தூங்கலாம்.
மூச்சுக்குத் தவிக்கலாம்.
மூன்றுக்கும் ஒரே கையெழுத்து.

டாக்டர் அசன்பெக் தோலோன் கணவாயில்,
பனி வாரும் வண்டிக்குப் பின்னால்.
"எவ்வளவு நேரமாய்?"
"இருபத்தாறு நிமிடம்."
"துடிப்பு இறங்குகிறதா?"
"இல்லை. நூற்று முப்பதிலேயே."
"இடப்பக்கம் திருப்பிப் படுக்க வை. பார்த்துக்கொண்டே—"
அதோடு போன் போயிற்று.

திருப்பினேன். தூக்கத்திலேயே முனகினாள்.
முறிமருந்துக் குப்பி என் பையில்
உடம்புச் சூட்டுக்கு வந்திருந்தது.
நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் தாள்.
நாற்பத்தொரு சென்டிமீட்டர் பயந்தேன்.

பிறகு ஒரு சின்ன நெளிவு.
பேனா நடுங்கியதோ என்று பார்த்தேன்.
இன்னொன்று. அப்புறம் ஒரு தாவல்,
நூற்று ஐம்பத்தைந்து வரை,
வயிற்றுக்குள் யாரோ புரண்டு படுத்ததுபோல.
மருந்தா, சொந்தத் தூக்கமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான்கு மணிக்கு வலி புருலை எழுப்பியது.
திட்டினாள்: என்னை, கணவனை,
பண்ணையின் அத்தனை குதிரைகளையும்.
ஆறு இருபதுக்குப் பெண் குழந்தை.
அழக் கொஞ்சம் யோசித்தது;
துண்டால் முதுகைத் தேய்த்தபின் அழுதது.
குப்பி உடையவில்லை.

விடிந்தபின் தாளைக் கேட்டு வாங்கினாள்.
வைத்தியக்காரியின் விரல்,
வளைவு வளைவாய் ஓடி
வழவழத்த இடத்தில் நின்றது.

"இங்கே நான் தூங்கினேனா?"
"ஆமாம்."
"இவளுமா?"

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.
இரண்டு பத்து
தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை.