கோரிக்கை ஏழு

மேற்படி முதல் கருவி
மேற்படி இரண்டாம் கருவிக்கு
கோபுரம் எதையும் கேட்காமல்
நேரே ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்புகிறது.
பதில் வராவிட்டால்
சற்றே பொறுத்து மீண்டும் அனுப்புகிறது.

இதுதான் கோரிக்கை ஒன்று.
இதில் புதிது என்ன என்று கேட்பதற்கு
தேஜோன் அரசு வளாகத்தின் நாலாம் கட்டடத்தில்
எனக்குச் சம்பளம்.
பன்னிரண்டு வருடமாய்க் கேட்கிறேன்.
உலகம் நான் நினைத்ததைவிடப் பழையது.

விண்ணப்பதாரர் மா கியூஷிக், தனிநபர், சுவோன்.
என் மேசைக்கு வழக்கமாய் வருபவை
முந்நூறு பக்கக் கம்பெனி விண்ணப்பங்கள்;
ஒவ்வொன்றும் கடலுக்கே வேலி போடக் கேட்கும்.
இது பதினொரு பக்கம்.
படங்களை அவரே வரைந்திருக்கிறார்:
அலைகள் இருக்கவேண்டிய இடத்தில்
உடைந்த முட்டை ஓடு போல மூன்று வளைவுகள்.

இரண்டு நாள் தேடினேன்.
ஜப்பானியக் காப்புரிமைகள்,
தரநிலைக் கூட்டங்களின் குறிப்புகள்,
பொம்மைக் கார் ஒன்றின் கையேடு கூட.
மூன்றாம் நாள் மாலை
பார்லித் தேநீர் ஆறிப்போன நேரத்தில்
அகப்பட்டது.
சுஞ்சோன் பல்கலைக்கழக முதுகலை ஆய்வேடு,
பக்கம் நாற்பத்தொன்று.
அதே முட்டை ஓடுகள்.
எழுதியவர் மா கியூஷிக்.

முந்திரிக்கொட்டை மாதிரி
தனக்கே முந்திக்கொண்ட மனிதர்.

சொந்த வாயால் சொல்லிவிட்டதற்குச் சட்டம்
ஒரு வருட மன்னிப்பு வைத்திருக்கிறது.
நூலக முத்திரையில் மார்ச் நான்கு.
விண்ணப்பத்தில் அடுத்த மார்ச் பதின்மூன்று.
விரல் விட்டு எண்ணினேன், ஒன்பது நாள்.
மறுபடி எண்ணினேன்.
ஒன்பதுதான்.

நேர்காணலுக்கு வழக்கறிஞர் இல்லாமல் வந்தார்.
"ஆய்வேடு என்னுடையதுதான்" என்றார்,
கடித்த நாய் தன்னுடையதுதான் என்பது போல.

அந்த ஒன்பது நாள் என்ன செய்தீர்கள் என்றேன்.
எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி.

தேபெக் மலையில், மூடிக்கிடக்கும் ரயில் சுரங்கத்தில்
இருந்தாராம்.
எட்டுக் கருவிகள், ஒரு டார்ச், ஒரு மைத்துனன்.
ஒன்றுக்குப் பதில் வராமல் அது கத்த,
அது கத்தியதில் இன்னொன்றுக்குக் கேட்காமல்
அதுவும் கத்த,
சந்தைக்கடை.
ஏழாம் நாளோ எட்டாம் நாளோ
மைத்துனன் எரிச்சலில்
எல்லாவற்றின் ஆற்றலையும் குறைத்துவிட்டான்.
பக்கத்தில் இருந்ததற்கு மட்டும் கேட்டது.
அது அடுத்ததற்குச் சொன்னது.
சுரங்கத்தின் அந்தக் கோடியில்
பச்சை விளக்கு எரிந்தது.

நான் மேலோட்டமாய்க் கடந்துபோயிருந்த
கோரிக்கை ஏழைத் திருப்பினேன்:
பதில் வராவிட்டால்
மேற்படி முதல் கருவி
தன் ஆற்றலைத் தாழ்த்தி
அருகிலுள்ளதைத் தேடுகிறது.

ஆய்வேட்டில் இது இல்லை.
ஜப்பானில் இல்லை.
பொம்மைக் காரிலும் இல்லை.
நான் புரட்டிய அத்தனை பேரும்
பதில் வராவிட்டால்
இன்னும் உரக்கக் கத்தத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒன்று முதல் ஆறு வரை நிராகரிப்பு.
ஏழைத் தனியே திருத்தி எழுதினால் நிற்கும்.
ஆனால் குறுகலானது, என்றேன்.
பெரிய கம்பெனி நினைத்தால்
ஒரே மதியத்தில் சுற்றிக்கொண்டு போய்விடும்.
"தெரியும்" என்றார்.
மைத்துனன் பெயரையும் சேர்க்கலாமா
என்று மட்டும் கேட்டார்.
அதற்குப் படிவம் உண்டு.

லிஃப்டில் இறங்கினோம்.
கதவு மூடியதும் சிக்னல் போயிற்று.
அவர் கையில் ஒன்று, என் கையில் ஒன்று,
நடுவில் ஒரு முழம்.
இரண்டும் எங்கோ இருக்கும் கோபுரத்தைப் பார்த்து
பேட்டரியைத் தின்றபடி
தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்திருக்கும்.

தரைத்தளம் வருவதற்குள்
மைத்துனன் பெயர் என்ன என்று கேட்டேன்.
சின்ன லிஃப்ட்.
மெதுவாகத்தான் சொன்னார்.