எடைச்சீட்டு

எங்கள் ஊருக்குப் பெயர் பட்டினம்.
காவேரிப்பட்டினம்.
காவேரியும் இல்லை, கடலும் இல்லை.
ஓடுவது தென்பெண்ணை,
அதுவும் ஓடுகிற மாதங்களில்.

கடலை நான் பார்த்ததில்லை.
எடை போட்டிருக்கிறேன்.

கோழித்தீவன ஆலையின் எடைமேடையில் ஆறு வருடம்.
லாரி நிறைந்து ஏறும்போது ஒரு எண்,
சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு எண்.
கழித்தால் வருவது கடல்.

கழசல் என்பார்கள் அதை.
தட்டில் ஏறாதது, ஏலத்தில் நிற்காதது,
மடி துடைத்து வந்ததையெல்லாம்
மணலில் காயப்போட்டு மண்வெட்டியால் அள்ளிக் கட்டியது.
சாக்குப் பிரிந்தால் கொட்டும்:
சுண்டுவிரல் வஞ்சிரம்,
கண் மட்டும் வளர்ந்துவிட்ட சங்கரா,
முட்டையோடு காய்ந்த நண்டு.
ஒருமுறை,
மீன் என்றே நம்ப முடியாத குதிரைமுகம் ஒன்று
வாலைச் சுருட்டிக்கொண்டு.
பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன்.
எறும்பு வந்தது, தூக்கிப்போட்டேன்.

மல்லிப்பட்டினத்து டிரைவர் சிக்கந்தர் சிரிப்பான்:
"உன் ஊரும் பட்டினம், என் ஊரும் பட்டினம்.
என்னதுல கொஞ்சம் தண்ணி ஜாஸ்தி."
அவன் மச்சானுக்கு நாட்டுப்படகு.
கரையோரம் விசைப்படகு வரக்கூடாத எல்லை ஒன்று உண்டாம்.
தண்ணீரில் கோடு எப்படிப் போடுவார்கள் என்றேன்.
"போடமாட்டாங்க. அதான் தொல்லை."
விளக்கை அணைத்துவிட்டு ராத்திரியில் வருவார்களாம்.
விடிந்தால் மச்சான் வலையில் பாசி.
"அவங்க அள்ளுனதத்தான் நான் ஓட்டிட்டு வர்றேன்"
என்று டீயை ஊதினான்.
லாரிமேல் கடன். அதையும் சொன்னான்.

சித்திரை பிறந்தால் அறுபத்தொரு நாள் தடை.
மீன் முட்டையிடும் காலம், விசைப்படகு இறங்கக்கூடாது.
இங்கே அது வேறு மாதிரி தெரியும்.
மாந்தோப்பில் காய் பறிப்பார்கள்,
ஆலையில் ஈ குறையும்,
எனக்கு வாரத்தில் நாலு நாள் கூலி.

இந்த வைகாசியில், இரவு பதினொன்றரைக்கு,
ஒரு லாரி வந்தது.
சிக்கந்தர் இல்லை. புது ஆள், இறங்கவே இல்லை.
பில்லில் சோயா புண்ணாக்கு.
ரோட்டோர நாய்கள் ஒவ்வொன்றாய் எழுந்து வந்து
சக்கரத்தை மோந்தன.
சோயாவுக்கு நாய் வராது.

"சோயான்னே போடு மாதேவி,
கம்ப்யூட்டருக்கு மூக்கா இருக்கு?"
என்றார் மேனேஜர் பாண்டுரங்கன்.

பதினெட்டு டன்.
காய்ந்த குஞ்சு ஒன்று இரண்டு கிராம் என்று வைத்தேன்,
ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை,
வகுத்தேன்.
தொண்ணூறு லட்சம்.
எங்கள் மாவட்டத்தில் அத்தனை தலை கிடையாது,
கோழிகளைச் சேர்க்காவிட்டால்.

வீரம் ஒன்றும் இல்லை.
பொருள் என்ற கட்டத்தில்
சோ என்று அடிக்க விரல் போகவில்லை, அவ்வளவுதான்.
மீன் என்று அடித்தேன்.
தேதி தானாக விழுந்தது.

மூன்று பிரதி வரும்: வெள்ளை, மஞ்சள், ரோஸ்.
மேனேஜர் திட்டினார், ரத்து செய்தார்,
தானே உட்கார்ந்து சோயா அடித்தார்.
வெள்ளையைக் கிழித்தார், மஞ்சளைக் கிழித்தார்.
ரோஸை எண்ண மறந்தார்.

யாரிடம் கொடுப்பது?
அணைப்பக்கம் மீன்வளத்துறை ஆபீஸ் இருக்கிறது,
அங்கே கெண்டைக்குஞ்சுக் கணக்கு.
கடல் கணக்கை நீட்டினால் சிரிப்பார்கள்.

சீட்டைப் படமெடுத்துச் சிக்கந்தருக்கு அனுப்பினேன்.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது:
தடை நிஜமாகவே நின்றுவிட்டால்
அவனுக்கு ஏற்ற என்ன இருக்கும்,
எனக்கு நிறுக்க என்ன இருக்கும்.

திரையின் ஓரத்தில் இரண்டு சின்னக் கோடு.
சாம்பலாகவே கிடந்தன,
சோயா இறங்கி முடிகிறவரை,
நாய்கள் கலைகிறவரை.

விடிகாலை நாலரைக்குப் பார்த்தேன்.
நீலமாகியிருந்தன.
பதில் இல்லை.
மச்சான் நம்பர் மட்டும் அனுப்பியிருந்தான்.