பற்றவைப்பு

முப்பத்தோராண்டு, கிதின்யா கப்பல் பட்டறையில்
கப்பல் வயிறுகளைப் பற்றவைத்தவன் போகுமில்.
இன்று முகமூடி இல்லாமல்
மோவாயைத் தாங்கியில் வைத்திருந்தான்.

"விழித்திரையில் கிழிசல். குதிரைலாட வடிவம்,"
என்றாள் டாக்டர் ஃபோர்மெலா.
"அசையாதீர்கள்."

பச்சை. பச்சை. பச்சை.
மண்டைக்குள் ஒருமுறை மட்டும் சுருக்கென்றது.

நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினான்,
பழக்கம்.
புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சரியா?
சுத்தியலால் தட்டிப் பார்க்க முடியாது.
கசடில்லை, புகையில்லை,
மேற்பார்வையாளன் போடும் சாக்பீஸ் குறியும் இல்லை.

"பிடிக்க எத்தனை நாள்?"
"இரண்டு வாரம். அதுவரை கனம் தூக்காதீர்கள்."

வெளியே, டிராலிபஸ் நிறுத்தம்.
வலக்கண்ணை மூடினால்
பனி வெள்ளை.
இடக்கண்ணை மூடினால்
ரோஜா நிறம்.

மாறிமாறி மூடித் திறந்தான்.
இரண்டு பஸ் போய்விட்டன.