சனிக்கிழமைப் பேச்சு

போன தடவை நீ ஆரஞ்சுப் பழத்தில் பழகினாய்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
ஏழு பழங்களைக் குத்தினாய்.
குத்திய பழங்களை ஒரு வாரம்
நாம்தான் தின்றோம்.

இந்தத் தடவை பழம் தேவைப்படவில்லை.
வெள்ளி இரவு எட்டு மணி.
பீட்ரூட் சூப்புக்குப் பின்னாலிருந்து
ஊசியை எடுத்து
உள்ளங்கையில் பொத்திக் குளிர் போக்குகிறாய்.
'தொடையா, வயிறா?'
'போன வாரம் வயிறு.'
'அப்போ தொடை.'

எண்பத்திரண்டில், பிரசவத்தன்று,
இரத்தம் ஏற்றினார்கள்.
என் உயிரும் அதுவும்
ஒரே குழாயில் இறங்கி வந்தன.
இருபத்தைந்து வருடம் எனக்குத் தெரியாது,
உனக்கும் தெரியாது, லெஷெக்.

முதல் சுற்று நாற்பத்தெட்டு வாரம்.
முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு தாள்.
'திரும்பி வந்திருக்கிறது' என்றார் டாக்டர்,
வெளியூர் போயிருந்த உறவினரைச் சொல்வதுபோல்.
வீட்டுக்கு வரும் டிராமில்
இருக்கை காலியாயிருந்தும் நீ நின்றாய்.
முப்பது வருடம் போஸ்னான் முழுக்க வண்டி ஓட்டியவனுக்கு
பயணியாக உட்காரத் தெரியவில்லை.

ஊசி போட்டு இரண்டு மணி நேரத்தில் நடுக்கம் வரும்.
கட்டில் கால் தரையில் தாளம் போடும்.
'கீழ்வீட்டு வாண்டா என்ன நினைப்பாள்' என்பாய்.
நினைக்கட்டும்.
ஐம்பத்து மூன்று வயதில்
அந்தப் பெயராவது கிடைக்கட்டும்.

மாத்திரைகள் வேறு மாதிரி.
சூப்பில் செல்லாக்காசு ருசி.
மார்ட்டின் திருநாளுக்கு நீ வரிசையில் நின்று வாங்கிய
கசகசா ரொட்டியிலும் அதே காசு.
சீப்பில் என் தலைமுடி.
தோலுக்கடியில் எறும்பு வரிசை, இரவு முழுக்க.
நாலு மாடி ஏறுவதற்குள்
நெஞ்சு அடித்துக்கொள்கிறது.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் நீ நாற்காலி போட்டாய்.
இப்போது தபால்காரர்கூட
அதில் உட்கார்ந்துதான் மூச்சு வாங்குகிறார்.

பிறகு சனிக்கிழமை.
கரண்டியைத் தப்பான இழுப்பறையில் வைத்ததற்கு
உன் அம்மாவரைக்கும் இழுத்தேன்.
'நீ ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்தாலே
எனக்கு அருவருப்பாக இருக்கிறது' என்றேன்.
என் வாய்தான், என் குரல்தான்.
குளியலறைத் தரையில் உட்கார்ந்து
பிறகு அழுதேன்.
கதவுக்கு வெளியே நீயும் தரையில் உட்கார்ந்து
சட்டம் ஒன்று போட்டாய்:
'சனிக்கிழமைப் பேச்சு கணக்கில் சேராது, ஹலினா.
மருந்து பேசுகிறது. ஞாயிறு காலையில் எல்லாம் செல்லாது.'

அந்தச் சட்டத்துக்குள்
எவ்வளவோ சனிக்கிழமைகள் வாழ்ந்துவிட்டேன்.
பழைய டிராம் டிக்கெட்டில்
வாரத்துக்கொரு ஓட்டை போட்டுக்கொண்டே வந்தாய்.

முப்பத்தோராவது ஓட்டைக்கு மறுநாள்
வெளியே பனி.
நான் எதற்கும் கத்தவில்லை; தெம்பில்லை.
நீ உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாய்.
கத்தியை வைத்தாய். ஜன்னலைப் பார்த்துச் சொன்னாய்:
'எனக்கும் முடியவில்லை.
சில இரவு டிப்போவிலேயே தங்கிவிடலாமென்று தோன்றுகிறது.
வேலை முடிந்தும்
காலி வண்டியில் அரை மணி உட்கார்ந்திருக்கிறேன்.
இன்றைக்குச் சனிக்கிழமைதானே?'

சனிக்கிழமைதான்.
ஆனால் நீ எந்த மருந்தும் சாப்பிடவில்லை.
இதைச் சொல்வதற்கு
எத்தனை செவ்வாய், எத்தனை புதன்
வாயை மூடிக் காத்திருந்தாயோ.
ஞாயிறு காலை காபியோடு வந்தாய்,
நேற்று ஒன்றுமே நடக்காததுபோல்.
நான் மட்டும் சட்டத்தை மீறினேன்.
நீ சொன்னதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி
ஊசியை நானே எடுத்தேன்.
'வெளியே போய் நட, வார்த்தா ஆற்றுப் பக்கம்' என்றேன்.
நீ போகவில்லை.
சமையலறையில் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு
என்னைப் பார்க்காமல் நின்றாய்.
கை நடுங்கியது. கொஞ்சம் கோணலாக இறங்கியது.
கொஞ்சம் இரத்தம்,
பஞ்சை நானே அழுத்திக்கொண்டேன்.

'முடிந்ததா?' என்றாய் வானொலிக்கு மேல்.
இன்னும் பதினாறு.
'முடிந்தது' என்றேன்.