உடம்புச் சூடு எட்டு

மூன்று வாரம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து
பழைய விளையாட்டைப் பிரித்துத் தைத்தேன்.
கவசம் இருந்த இடத்தில் கம்பளிக் கோட்டு.
உயிர்ப்புள்ளி இருந்த இடத்தில் உடம்புச் சூடு.
நெருப்புக் கோள மந்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
மண்ணெண்ணெய் அடுப்பாக்கினேன்;
ஆறு பகடைச் சேதம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

துர்க்குவில் பிப்ரவரி. குடியிருப்பின் அடித்தளத்தில்
துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்து அறை எங்களுக்கு,
வியாழன்தோறும், பதினோரு வருஷமாக.
அதே நான்கு பேர். அதே மேசை. ஒரு கால் ஆடும்;
அதற்கு அண்டக் கொடுத்திருப்பதும்
விதிப்புத்தகத்தின் கிழிந்த பழைய பதிப்புதான்.
இல்போவின் கோடரிக்காரனுடைய தாளில்
அழித்து அழித்து உயிர்ப்புள்ளிக் கட்டத்தில் ஓட்டை.
அதன் வழியே மேசை தெரியும்.

இந்தமுறை கைசு வேறொன்று கேட்டாள்.
பகலெல்லாம் பஸ் பணிமனையில் பிரேக் மாற்றுகிறவள்.
உறைந்த கடல்மேல் தீவு தீவாக நடந்து
கடிதம் கொடுக்கும் தபால்காரர்களாக இருப்போம்.
"யாரையும் அடிக்காத கதை. ஒன்றே ஒன்று."

ரொன்யா பையிலிருந்து ஒரு புதுப் புத்தகம் எடுத்தாள்.
முப்பத்தாறு பக்கம், நடுவில் இரண்டு கம்பி.
எதற்கு என்றேன். நமக்குத்தான் ஒன்று தெரியுமே,
கூட்டலும் கழித்தலும் விரலிலேயே இருக்கின்றனவே.
தெரிந்ததை வளைத்தால் போதாதா,
மறுபடி அரிச்சுவடியா?

விளையாடினோம், என்னுடையதை.
பனி விரிசல் விட்டது, உருட்டினோம்.
ஓநாய் வந்தது. நான் வைத்த ஓநாய்தான்,
வைக்காமல் இருக்க முடியவில்லை.
இல்போ துடுப்பை வாள்போல ஓங்கினான்.

பிறகு ஒரு தீவு. ஒரு கதவு.
கைசு கடிதத்தை நீட்டினாள்.
உள்ளே இருந்தவளுக்கு இன்னும் தெரியாது
கணவன் இல்லையென்று.

"உருட்டு" என்றேன். வேறென்ன சொல்லத் தெரியும் எனக்கு.
இருபது முகப் பகடை வழுக்கி ஓடி
இருபதில் நின்றது.
பழக்கம்; இல்போ மேசையைத் தட்டி "போடு!" என்று கத்திவிட்டான்.
பிறகு நால்வரும் தாளைப் பார்த்தோம்.
இருபது என்றால் முழு வெற்றி.
இருபது என்றால் இரட்டைச் சேதம்.
அந்தப் பெண்ணின் உடம்புச் சூடு எட்டு என்று
நானே எழுதி வைத்திருந்தேன்.

பக்கத்து அறையில் யாருடைய துணியையோ
எந்திரம் பிழிந்துகொண்டிருந்தது.

"கொண்டா அதை" என்றேன் ரொன்யாவிடம்.

புதியது சுலபம் என்று சொல்லமாட்டேன்.
ஒன்பதாம் பக்கம் சொன்னதை இருபத்திரண்டாம் பக்கம் மறுத்தது.
எந்தப் பகடை, யார் உருட்டுவது, எப்போது பேசக்கூடாது...
நாற்பது வயதில் சைக்கிள் பழகுகிறவன்போல
ஒவ்வொரு திருப்பத்திலும் கால் ஊன்றினேன்.
கடைசி பஸ்ஸைச் சொல்லி இல்போ எழுந்தான், கோட்டைப் போட்டான்,
போகாமல் கோட்டோடே உட்கார்ந்தான்.

அதில் கதவைத் தட்ட எண் இல்லை.
ஒரு கேள்வி இருந்தது:
தட்டும் முன் கையுறையைக் கழற்றினாயா?
கைசு வெகுநேரம் பேசவில்லை.
"கழற்றினேன்" என்றாள். "ஒரு கையில் மட்டும்."
கதவைத் திறந்தவள்
முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

அப்புறம் என் முறை. சின்ன, ஆறு முகப் பகடை.
ஒன்று விழுந்தது.
பதினோரு வருஷ உள்ளங்கை தானாகப் போய் மூடியது.
"எடு கையை" என்றாள் ரொன்யா.
"இங்கே தாயம் விழுந்தால்தான் வாசல்."

வீட்டுக்கு எடுத்துவந்தேன் அந்த முப்பத்தாறு பக்கத்தை.
பழையதை எறியவில்லை;
மேசையின் கால் இன்னும் அதன்மேல்தான்.
பதினோராம் பக்கத்தில், இருட்டு இறங்கும் விதி
எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை.
பென்சில் எங்கே?